கணக்கு கேட்க நமக்கும் உரிமை உண்டு

"நீ எவ்வளவு நன்கொடை கொடுத்தாய், கணக்கு கேட்க வந்துவிட்டாய்?" கோயிலானாலும் கல்வி அறக்கட்டளையானாலும், செலவு விவரம் கேட்கப் போகும் நம் இளைஞர்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் இதுதான். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. பணம் போட்டவர் யார் என்பதைவிட, அந்த அறத்தால் பயன்பெற வேண்டியவர் யார் என்பதையே அது பார்க்கிறது.

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ள கோயில் அது. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, ஒரு கோயிலில் 'அக்கறை உடையவர்' யார் என்று சொல்கிறது: அங்கே வழிபட உரிமை உள்ளவர் அல்லது வழக்கமாக வழிபடுபவர். 'உரிமை உள்ளவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாக மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்த உரிமையைத் தந்தது 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம். அன்று சன்னதிக் கதவு மட்டும்தான் திறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கும் வழியும் அதோடு சேர்ந்தே திறந்தது.

கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அதற்கு முன் அக்கறை உடையவர்களின் ஆட்சேபனையைக் கேட்க வேண்டும் என்கிறது 34-ஆவது பிரிவு. ஆண்டுக் கணக்கும் தணிக்கைக்கு உட்பட்டது. தணிக்கை அறிக்கையின் நகலை, தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் துறை அலுவலகத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நம் ஊர் மாரியம்மன் கோயில் துறையின் கீழ் இருந்தால் அதற்கும் இதே வழிதான்.

அறங்காவலர் குழு அமைத்தால் அதில் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்த நாற்காலியில் அமர்பவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதானால் நமக்கு என்ன லாபம்? வவுச்சரைக் காட்டச் சொல்ல அவருக்கு முழு அதிகாரம் உண்டு.

பள்ளி, விடுதி, சத்திரம் போன்ற பொது அறக்கட்டளைகளுக்கு 1920-ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அக்கறை உடைய ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு, சொத்து விவரத்தையும் கணக்குத் தணிக்கையையும் கேட்கலாம். ஆனால் மனுத் தேதிக்கு முந்தைய மூன்றாண்டுக் கணக்கை மட்டுமே கேட்க முடியும். சும்மா இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வருடக் கணக்கு நம் கையைவிட்டுப் போகிறது.

தாமதம் என்ன செய்யும் என்பதற்குப் பச்சையப்பர் அறக்கட்டளையைப் பாருங்கள். அவர் உயில் எழுதிவிட்டு 1794-இல் காலமானார். அறப்பணத்தை மீட்க வழக்கு நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் பள்ளி திறக்க 1842 ஆகிவிட்டது.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சாதிச் சான்றிதழ் நகலோடு போங்கள். அறக்கட்டளையின் பெயர், எந்த ஆண்டுக் கணக்கு வேண்டும், அதில் உங்களுக்கு என்ன அக்கறை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.