பழந்திரையிசை வானொலி ஒலிபரப்பின் எதிர்காலம்: விருத்தாசலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த் திரையிசையின் பழம்பாடல்களை மக்களிடம் நிலைநிறுத்திய ஊடகம் வானொலி. விளம்பரச் சந்தை, அலைபரப்பு முறை, கேட்போரின் அகவை ஆகிய மூன்றும் மாறிவருவதால் பழம்பாடல் ஒலிபரப்பின் எதிர்காலம் ஐயத்திற்குரியதாகியுள்ளது. தனக்கெனத் தனியார் பண்பலை நிலையம் இல்லாத சிறுநகரமான விருத்தாசலத்தை முன்வைத்து, இம்மாற்றத்தில் இழக்கப்படுவது யாது, காக்கக்கூடியது யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வானொலி, திரையிசை, இலங்கை வானொலி, பண்பலை, பதிப்புரிமை, சமுதாய வானொலி, விருத்தாசலம்.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், தேவாரப் பாடல்களில் திருமுதுகுன்றம் எனப் போற்றப்படும் தலம். அண்மைக் காலத்தில் இவ்வூர் பீங்கான் தொழிலாலும் அறியப்படுகிறது. களிமண் கலவையை அச்சில் வார்த்தல், பிசிறு நீக்குதல், மெருகுப்பூச்சு இடுதல், சூளையில் அடுக்குதல் எனத் தொடரும் இத்தொழிலில் கையும் கண்ணும் ஓயாது ஈடுபட்டிருக்க வேண்டும்; செவி மட்டுமே ஓய்வாக இருக்கும். தையலகம், முடிதிருத்தகம், தேநீர்க்கடை போன்ற பணியிடங்களின் இயல்பும் இதுவே. வானொலி இத்தகைய பணியிடங்களுக்கு ஏற்ற ஊடகம் என்பதிலிருந்தே அதன் எதிர்காலம் குறித்த வினா சிறுநகரத்திற்கு உரிய வினாவாகிறது.

பழம்பாடல் மரபின் தோற்றம்

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. எனினும் திரைப்பாடலுக்கு வானொலியில் நிலையான இடம் கிடைத்தது இலங்கை வழியாகவே எனலாம். 1952இல் ஒன்றிய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய நேரத்தைக் குறைத்தார். திரைப்படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் எனக் கருதிய வானொலி, அதனை அறிவிக்க மறுத்தது. தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். ஒரு பாடலோடு எந்தப் பெயர்களைச் சொல்லலாம் என்பதே அன்றைய பூசலின் மையமாக இருந்தது என்பது கருதத்தக்கது.

இவ்வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக எக்கலவில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை அலைபரப்பி, போருக்குப்பின் அந்நிலையத்திற்கு உரியதாயிற்று. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. ‘பொங்கும் பூம்புனல்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ முதலிய நிகழ்ச்சிகள் பாக் நீரிணைக்கு இப்பாலும் நேயர்களைப் பெற்றன. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்கள் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோரை அறிவித்துப் பாடலை அறிமுகம் செய்தனர். இப்போட்டியின் விளைவாகவே 1957 அக்டோபர் 3இல் இந்தியாவில் விவித பாரதி தொடங்கப்பெற்றது. ஆகவே பழம்பாடல் ஒலிபரப்பு என்பது இசைத்தட்டுகளின் தொகுதி மட்டுமன்று. தேர்வும் அறிவிப்பும் நேயர் தொடர்பும் சேர்ந்த ஒரு மரபு எனக் கொள்வதே பொருந்தும்.

அலைபரப்பு மாற்றமும் சிறுநகரமும்

மத்திய அலை நிலப்பரப்பை ஒட்டி நெடுந்தொலைவு செல்லும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் மேலும் தொலைவில் கேட்கும். பண்பலையின் ஒலித்தரம் உயர்ந்தது; ஆயின் அது ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் எல்லை சுருங்கியது. எனவே மத்திய அலையிலிருந்து பண்பலைக்கு மாறுவது பெருநகரங்களுக்கு ஆக்கமாகவும், அலைபரப்பிகளுக்கு இடைப்பட்ட ஊர்களுக்கு இழப்பாகவும் அமைகிறது. புதுச்சேரிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட விருத்தாசலம் இவ்வகை ஊர்களுள் ஒன்று. அவ்விரு நகரங்களிலும் தனியார் பண்பலை நிலையங்கள் உள்ளன. அவற்றின் விளம்பரதாரர் நோக்குவது அந்நகரங்களின் வாங்குவோரையே.

2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 234 நகரங்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம்விட ஒப்புதல் அளித்தது. அப்பட்டியலில் அருகிலுள்ள நெய்வேலியும் இடம்பெற்றுள்ளது. அங்கு நிலையம் அமையுமாயின் விருத்தாசலமும் பயன்பெற வாய்ப்புண்டு. ஆனால் அது பழம்பாடலுக்கு இடம் தருமா என்பதைச் சந்தையே முடிவுசெய்யும்.

சந்தையும் அகவையும்

‘பழைய பாடல்’ என்பது நிலையான எல்லை உடைய தொடர் அன்று. ‘அன்னக்கிளி’ வெளியான 1976இல் 1950களின் பாடல்கள் பழையனவாயின. இன்று 1980களின் பாடல்களும் அப்பெயரைப் பெறுகின்றன. ‘ரோஜா’ (1992) வெளிவந்தும் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1960இல் இருபது அகவையினராக இருந்த ஒருவர் 2025இல் எண்பத்தைந்து அகவையினர். விளம்பரதாரர் பெரிதும் நாடுவது இளம் வயதினரையும் நடுவயதினரையும் ஆதலின், கேட்போர் முதுமை அடையுந்தோறும் அவர்களுக்குரிய பாடல்களின் வணிக மதிப்புக் குறைகிறது.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரின் புகழ்பெற்ற பழம்பாடல் நிலையமான டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை 2005இல் தன் வடிவத்தைத் திடீரெனக் கைவிட்டது. 2007இல் மீண்டும் பழம்பாடலுக்குத் திரும்பியது. நேயர்களின் பற்றுக்கு வணிக மதிப்பும் உண்டு என்பதற்கு இது சான்று. ஆயினும் அத்தகைய நிலையங்கள் உயிர்த்திருக்கக் கண்ட வழி, பட்டியலின் தொடக்கத்தைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பின்னோக்கி வெட்டி, முன்னோக்கி நகர்ந்ததே. நிலையம் நிலைத்தது; மிகப் பழைய பாடல்கள் வெளியேறின.

மறுபுறம் பாடல்கள் வேறு வழிகளில் கிடைக்கின்றன. பழைய இசைத்தட்டு நிறுவனத்தின் வழிவந்த சரிகம, 2017இல் பழம்பாடல்களைப் பதித்த ‘கார்வான்’ கருவியை வெளியிட்டது. கைப்பேசிச் செயலிகளிலும் யூடியூபிலும் விரும்பிய பாடலை விரும்பிய நேரத்தில் கேட்கலாம். ஆயின் செயலியில் தேடுவதற்குப் பாடலின் பெயரை முன்னரே அறிந்திருக்க வேண்டும். செயலி தானே பரிந்துரைப்பதும் பெரும்பாலும் முன்பு கேட்டவற்றை ஒட்டியே அமைகிறது. அறியாத பாடலை அறிந்த குரல் ஒன்று எடுத்துக் கொடுப்பது வானொலியின் தனிப்பண்பு.

பதிப்புரிமை தரும் வாய்ப்பு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே 1964இல் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமை 2024 இறுதியில் முடிவுற்றது. ஆண்டுதோறும் மேலும் ஓராண்டின் பதிவுகள் பொதுவுடைமையாகின்றன. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிய காலம் வேறு. அது படைப்பாளி மறைந்தபின் 60 ஆண்டுகள். 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகள் 2041 வரை உரிமைக்கு உட்பட்டவை. ஆதலின் பழம்பாடலை ஒலிபரப்புவது செலவற்றது எனக் கொள்ளுதல் பிழை. செலவின் ஒரு பகுதி குறைகிறது என்பதே சரி.

2012 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 31டி பிரிவு, முன்னறிவிப்புச் செய்து நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தும் ஒலிபரப்பாளருக்குச் சட்டவழி உரிமம் அளிக்கிறது. படைப்பாளர், முதன்மைக் கலைஞர் ஆகியோரின் பெயர்களை ஒலிபரப்போடு அறிவிக்க வேண்டும் என்பதும் அப்பிரிவின் விதி. இலங்கை அறிவிப்பாளர்கள் மரபாகப் பேணியது இன்று சட்டக் கடமையாகியுள்ளது.

சமுதாய வானொலி என்னும் வழி

2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் திறந்துவிடப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 2004இல் இவ்வகையில் முன்னோடியாக அமைந்தது. 100 வாட் ஆற்றலுக்குள் இயங்கும் இத்தகைய நிலையம் ஒரு நகரையும் சுற்றுச் சிற்றூர்களையும் சென்றடையப் போதுமானது. மணிக்குக் குறிப்பிட்ட நிமிடங்கள் விளம்பரமும் அனுமதிக்கப்படுகிறது. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில் உருவாக வேண்டும் என்னும் நெறி, பாடல்களை இடைவிடாது ஓட்டுவதற்குத் தடை. அறிவிப்பு மரபிற்கோ துணை. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் உள்ள விருத்தாசலத்தில், மூத்த தொழிலாளர் தம் பணிக்கால நினைவோடு ஒரு பாடலை அறிமுகம் செய்யும் நிகழ்ச்சி இந்நெறிக்கு இயையும். அதன்வழிப் பாடலோடு ஊரின் தொழில் வரலாறும் பதிவாகும்.

முடிவுரை

பழம்பாடல்கள் அழியும் என்னும் அச்சத்திற்கு இன்று பெரிதும் இடமில்லை. அவை எண்ணிம வடிவில் பரவலாகக் கிடைக்கின்றன. அழியும் நிலையில் இருப்பவை தேர்வு, அறிவிப்பு, ஒரே நேரத்தில் பலர் சேர்ந்து கேட்டல் ஆகியன. விளம்பரச் சந்தை இவற்றைக் காக்கும் என எதிர்பார்க்க இயலாது. பொதுத்துறை வானொலி தன் எல்லையைச் சிறுநகரங்களை விட்டுச் சுருக்காமலிருப்பதும், சமுதாய வானொலி அறிவிப்பு மரபை ஏற்பதுமே எஞ்சிய வழிகள். மூத்த நேயர்களின் நினைவு ஒலிப்பதிவைப் போல் 60 ஆண்டுகள் காத்திராது. ஆதலின் இப்பணி இத்தலைமுறையிலேயே தொடங்கப்பட வேண்டும்.