சுமை ஏற்றும் சைக்கிளும் அதன் பிறேக்கும்

1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருள் தட்டுப்பட்டபோது வடக்கிலே சைக்கிள்தான் எமக்கு லொறியும் காரும் ஆனது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, வீட்டுச் சாமான்களைச் சைக்கிளிற் கட்டித் தள்ளிக்கொண்டே போயின. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பாத பலரின் வீட்டில் விறகும் மரக்கறியும் பிள்ளைகளும் போய்வருவது அதிலேதான்.

சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறோம். ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறோம். பிறேக்கை மட்டும் அது முற்றாகக் கைவிடும் வரை கவனிப்பதில்லை. காலை நிலத்தில் ஊன்றி நிறுத்தப் பழகிவிடுகிறோம். வெறும் சைக்கிளுக்கு அது சரிவரலாம். சுமை ஏற்றிய சைக்கிளுக்குச் சரிவராது.

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். கரியரில் 50 கிலோ மூடை ஏற்றினால் 130 கிலோ. பிறேக் அதே அளவு பிடித்தாலும், நிற்பதற்கு முன்னையதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட தூரம் வேண்டும். வேகம் இரு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். எனவே சுமையோடு மெதுவாகப் போவதுதான் முதலாவது பிறேக்.

காலையில் புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்:

1. முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளுங்கள். சில்லு உருளக்கூடாது. பின் பிறேக்கையும் இப்படியே பாருங்கள். பிடி ஹான்டிலோடு முட்டுமளவுக்கு வந்தால் கம்பியை இறுக்கவேண்டும்.

2. பிறேக் கட்டை றிம்மில் மட்டும் படவேண்டும். டயரில் உரசினால் டயர் வெடிக்கும். கட்டை தேய்ந்து அதன் இரும்புக்கூடு றிம்மைத் தொட்டால் றிம்மும் பழுதாகும்.

3. புதுக் கட்டை போடும்போது கூட்டின் மூடிய பக்கத்தைக் கவனியுங்கள். சில்லு சுழன்று கட்டையை எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கம் மூடியிருக்கவேண்டும். மாறிப் பூட்டினால், இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில் கட்டை கழன்று பறந்துவிடும்.

4. றிம்மில் எண்ணெய் படக்கூடாது. பட்டால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். எண்ணெய் விடவேண்டியது பிடியும் கம்பியும் அசையும் மூட்டுகளுக்கே.

5. கம்பியின் இழை ஒன்று அறுந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்றுங்கள். மிகுதி இழைகளும் விரைவில் அறும்.

ஓடும்போதும் சில பழக்கங்கள் தேவை. இரண்டு பிறேக்கையும் சேர்த்து, மெல்ல மெல்ல இறுக்குங்கள். மணலிலும் கிரவலிலும் முன் பிறேக்கைத் திடீரெனப் பிடித்தால் சில்லு வழுக்கி ஆளை வீழ்த்தும். வளைவில் அல்ல, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மழையில் நனைந்த றிம்மில் கட்டை உடனே பிடிக்காது. நிறுத்தவேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே மெதுவாகப் பிடித்து, றிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். சுமையை உயர அடுக்காமல், பதித்து இறுக்கிக் கட்டுங்கள். இறக்கம் அதிகமென்றால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

இடம்பெயர்ந்த வீட்டில் பெரும்பாலும் உழைப்பவர் ஒருவரே. அவர் கால் முறிந்து ஒரு மாதம் பாயிற் கிடந்தால் அடுப்பு எரிவது எப்படி? ஒரு சோடி பிறேக் கட்டையின் விலையை அந்த ஒரு மாதக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளைக் காலை மூடையைக் கட்டுமுன் பிறேக்கை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.