சாட்சி சொன்னவர் அன்று உயிரோடிருந்தாரா?

சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஒரு செய்தியை நீங்கள் கேட்டிராமல் இருக்க முடியாது. மீலாது மேடைகளிலும் பள்ளிக்கூட ஆண்டு மலர்களிலும் அது தவறாமல் இடம்பெறும். நானும் பல்லாண்டுகள் மிம்பரில் நின்று அதைக் கூறியவன்தான். ஒருநாள் பாடத்தின் நடுவே மாணவர் ஒருவர், "ஹஸ்ரத், இது எந்தக் கிதாபில் வருகிறது?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

தேடினேன். இமாம் இப்னு ஹிப்பான் (ரஹ்) அவர்கள் அதை அடிப்படையற்றது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் திரட்டிய தமது 'அல்மவ்ளூஆத்' நூலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். இமாம் பைஹகீ (ரஹ்) அவர்களோ, வாசகம் புகழ்பெற்றது, ஆனால் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். கருத்து நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கருத்து என்பதாலேயே அது நாயகத்தின் வாய்மொழி ஆகிவிடுமா?

இக்கேள்வியை நம் முன்னோர்கள் எவ்வளவு கண்டிப்புடன் அணுகினார்கள் என்பதற்கு ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டு பக்தாத் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். கைபர் வாழ் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபி (ஸல்) அவர்கள் எழுதிக்கொடுத்தது என்று சொல்லி ஓர் ஏடு கொண்டுவரப்பட்டது. எழுத்து அலீ (ரலி) அவர்களுடையது என்றார்கள். நபித்தோழர்களின் சாட்சியமும் அதில் இருந்தது. வஸீர் இப்னுல் முஸ்லிமா அதை ஹதீஸ் மேதை கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் அனுப்பிவைத்தார். அவர்கள் பார்த்துவிட்டு, இது பொய்யேடு என்றார்கள்.

எப்படித் தெரிந்தது? சாட்சிகளுள் ஒருவர் முஆவியா (ரலி). அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7இல். மற்றொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்கள் அகழ்ப்போரில் பட்ட காயத்தால் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். கைபர் வெற்றிக்கு ஈராண்டுகளுக்கு முன் மறைந்தவர் கைபர் பத்திரத்தில் எப்படிச் சாட்சியாவார்? மையையோ தோலையோ ஆராயத் தேவை ஏற்படவில்லை. ஆண்டுக் கணக்கு ஒன்றே போதுமானதாயிற்று.

இதைப் படித்துவிட்டு, பொய்யுரைப்பது பிறர் வேலை என்று நாம் எண்ணிவிடலாகாது. மக்கள் குர்ஆனை விட்டு விலகுகிறார்களே என்ற கவலையில் சூராக்களின் சிறப்புகளைப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்தவராக நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரை ஹதீஸ் கலை நூல்களே சுட்டுகின்றன. நல்ல எண்ணத்தில் பிறந்த பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம் என்பது என் கருத்து.

நபி வரலாற்று நூல்களிலும் இதே கவனம் வேண்டும். ஹிஜ்ரி 150ஐ ஒட்டி மறைந்த இப்னு இஸ்ஹாக் அவர்களை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கடுமையாகச் சாடியதுண்டு. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களோ, போர் வரலாறுகளில் அவரை ஏற்றார்கள். ஹலால், ஹராம் விஷயத்தில் அவரை மட்டும் நம்பத் துணியவில்லை. அவருடைய நூலைச் சுருக்கித் தந்த இப்னு ஹிஷாம், கவிதை அறிந்தோர் அறியாத கவிதைகளை நீக்கிவிட்டதாகத் தம் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

சில வேளைகளில் கல்லும் சாட்சி சொல்கிறது. சவூதி அரேபியாவில் அல்உலாவுக்கு அருகே ஒரு பாறையில், உமர் இறந்த காலத்தில், 24ஆம் ஆண்டில் இதை எழுதியதாக ஸுஹைர் என்பவர் பொறித்து வைத்திருக்கிறார். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மறைவை நம் நூல்கள் ஹிஜ்ரி 23இன் இறுதியிலும் 24இன் தொடக்கத்திலுமாக வைக்கின்றன. இங்கே அறிவிப்பாளர் தொடரே தேவையில்லை! யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் இக்கல்வெட்டைத் தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த மாணவரிடம் வருகிறேன். சீனாவை விட்டுவிட்டு, கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்ற செய்தியை, இப்னு மாஜாவில் உள்ளது என்று குறிப்பிட்டே இப்போது சொல்லிவருகிறேன் என்றேன். "அதன் தொடர் எப்படி, ஹஸ்ரத்?" என்றார். இருவரும் கிதாபைத் திறந்தோம். தொடரில் ஹஃப்ஸ் இப்னு ஸுலைமான் நிற்கிறார். நாம் அன்றாடம் ஓதும் குர்ஆன் அவர் வழி வந்த கிராஅத்தில்தான். கிராஅத்தில் அவர் இமாம். ஆனால் ஹதீஸில் அவரைப் பலவீனமானவர் என்றே முஹத்திஸ்கள் எழுதிவைத்தார்கள். இச்செய்தி வேறு பல வழிகளிலும் வருவதால் அதற்கு வலுவுண்டு என்று இமாம் ஸுயூத்தீ (ரஹ்) போன்றோர் கொண்டார்கள். மாணவர் இரண்டையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.