கூட்டத்தைச் சேர்த்தது யார்?

மலாக்கா மாநிலத்தின் ஒரு துண்டு நிலம் நெகிரி செம்பிலானுக்குள் கிடக்கிறது. கோலா சுங்கை பாருவிலிருந்து லிங்கி ஆற்றைத் தாண்டி போர்ட்டிக்சன் பக்கம் போனால், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் தஞ்சோங் துவான்தான் அது. நம்மவர்கள் அங்கே கடலில் குளிப்பார்கள், கலங்கரை விளக்கம் வரை ஏறுவார்கள், குரங்குகளைப் படம் பிடிப்பார்கள், வீடு திரும்புவார்கள். மார்ச் மாதத்தில் தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான பருந்துகள் கடந்து போவதை அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு.

விலங்குக் கூட்டத்தைப் படமெடுக்க விரும்புகிறவர், எந்த லென்ஸ் என்று யோசிப்பதற்கு முன், இந்தக் கூட்டத்தைச் சேர்த்தது யார் என்று கேட்பது நல்லது. ஆயர் குரோவில் உள்ள மலாக்கா மிருகக்காட்சி சாலையில் எந்த மிருகம் எதனோடு இருக்க வேண்டும் என்பதை நிர்வாகம் முடிவு செய்கிறது. அங்கே படமெடுப்பது எளிது. கம்பி வலையை ஒட்டி லென்ஸை வைத்து, துவாரத்தை அகலத் திறந்தால், வலை கரைந்து காணாமல் போகும். படத்தில் காடு போலவே தெரியும். காடு இல்லை என்பது எடுத்தவருக்கு மட்டும் தெரியும்.

மறுவாழ்வு மையங்களில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. சபாவில் சண்டாக்கானுக்கு அருகே 1964இல் தொடங்கிய செபிலோக் மையத்தில், உணவு மேடையைச் சுற்றி நாலைந்து ஓராங் ஊத்தான்கள் உட்கார்ந்திருக்கும் படங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வளர்ந்த ஓராங் ஊத்தான் காட்டில் பெரும்பாலும் தனியாகவே திரியும்; தாயும் குட்டியும்தான் அங்கே நிலையான கூட்டம். மேடையில் அவற்றை ஒன்றுசேர்த்தது பழம். பகாங் கோலா கண்டா யானைகள் மையத்திலும் இதே கதைதான். காட்டு யானைக் கூட்டம் என்பது தாய், மகள், அக்கா, தங்கை என்ற பெண்வழி உறவு. மையத்தில் ஆற்றில் ஒன்றாகக் குளிப்பவையோ வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. படம் அழகாக இருக்கலாம். அதை வைத்து யானைச் சமூகத்தைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. படத்தின் கீழே இடத்தின் பெயரை எழுதாமல் விடுவது, என் பார்வையில், பாதிப் பொய்.

தஞ்சோங் துவானுக்கு வருவோம். இங்கே கூட்டத்தைச் சேர்ப்பது காற்று. கடந்து போகிறவற்றில் பெரும்பாலானவை தேன் பருந்துகள். குளவி, தேனீக் கூடுகளைப் பிய்த்துப் புழுக்களைத் தின்பவை. முகத்தில் செதில் போல் நெருங்கிய இறகுகள் இருப்பதால் கொட்டு பலிப்பதில்லை. குளிர்காலத்தைச் சுமத்ரா, ஜாவா பக்கம் கழித்துவிட்டு வடக்கே திரும்புகின்றன. சில ஜப்பான் வரை போவதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அறிந்திருக்கிறார்கள். வெயிலில் தரை சூடேறி மேலெழும் காற்றில் சிறகடிக்காமல் சுற்றிச் சுற்றி ஏறுவதும், உச்சியிலிருந்து சறுக்குவதும் இவற்றின் பயண முறை. கடல் மேல் அந்தக் காற்றுத் தூண் எழுவது அரிது. அதனால்தான் மலாக்கா நீரிணை குறுகும் இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து இங்கே சுமார் 38 கிலோமீட்டர். உயரத்தையெல்லாம் இழந்து, களைத்து, சில சமயம் மரத்தின் உச்சியை உரசுவது போல் வந்து சேர்கின்றன. கரையில் கிடைக்கும் முதல் சூடான காற்றில் எல்லாம் ஒன்றாக நுழைகின்றன. ஒன்று ஏறுவதைப் பார்த்து அடுத்தது வரும். உறவு எதுவும் வேண்டியதில்லை.

அந்தச் சுழலை ஒரு படத்தில் பிடித்து, பெரிதாக்கிப் பாருங்கள். கீழே இருப்பவை வாலை விசிறியாக விரித்து, சிறகை முழுக்க நீட்டியிருக்கும். உச்சியில் இருப்பவை வாலை மூடி, சிறகைச் சற்றுப் பின்னுக்கு மடித்து, வடகிழக்கே வழுக்கத் தொடங்கியிருக்கும். முகம் சாம்பல், கண் கருமை என்றால் ஆண். மஞ்சள் கண் என்றால் பெண். சிறகில் ஓர் இறகு உதிர்ந்த இடைவெளி தெரிந்தால், அந்தப் பறவையை அடுத்த படத்திலும் அடையாளம் காணலாம். ஒரே பறவையை இருமுறை எண்ண வேண்டியிருக்காது. சுழலும்போது எண்ணினால் கணக்கு குழம்பும். உச்சியிலிருந்து வரிசை பிடித்து வெளியேறும்போது எண்ணுவதே கணக்கெடுப்பவர்களின் வழக்கம்.

கேமராவைத் தானியங்கியில் விட்டால் பளிச்சென்ற வானத்துக்கு முன் பருந்துகள் வெறும் கரிய நிழலாகிவிடும். வெளிச்ச அளவை ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். வேகம் 1/2000 நொடி. துவாரம் எஃப் 8. பெரிய லென்ஸ் இல்லையே என்று கவலை வேண்டாம். தமிழ்நாட்டு இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), கிடைத்த பாகங்களைக் கொண்டு தாமே ஒட்டுப்போட்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்து, சவாரி யானை மேல் உட்கார்ந்து காட்டு யானைக் கூட்டங்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். இன்று நம் கையில் இருக்கும் போன்கூட அவருடைய கேமராவைவிட வசதியானது.

மலேசிய இயற்கைச் சங்கம் 2000இல் தொடங்கிய பருந்து பார்க்கும் விழா மார்ச் மாதத்தில்தான் நடக்கும். பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை நல்ல நேரம். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். எடுத்த படங்களைத் தேதி, நேரத்தோடு பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் அவையும் கணக்கில் சேரும். அதற்காகவாவது கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.