'அறுவடை' செய்த மான்: வேட்டைச் சொற்களும் ஹலாலும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்டார். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "இந்த வார ஹார்வெஸ்ட், உங்களுக்கும் கொஞ்சம்" என்றாராம். ஹார்வெஸ்ட் என்றால் அறுவடைதானே, தோட்டத்துக் காய்கறியாக இருக்கும் என்று நன்றி சொல்லி வாங்கி வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் மான் கறி. "ஹஸ்ரத், இதைச் சாப்பிடலாமா?"

அவர் ஏமாந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மட்டுமல்ல, வனவிலங்குத் துறைகளும் சுடப்பட்ட மான்களின் எண்ணிக்கையை 'மான் அறுவடை' என்றே ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. 'எடுத்தேன்', 'பையில் போட்டேன்' என்று சொல்வோரும் உண்டு. ஜெர்மானிய வேட்டைக்காரர்களுக்குத் தனிப் பேச்சு வழக்கே இருக்கிறது. அதில் அடிபட்ட விலங்கின் இரத்தத்துக்குப் பெயர் 'வியர்வை'. கொன்றேன் என்று சொல்ல நாக்கு கூசுகிறது போலும்.

அல்லாஹ்வின் வேதம் அப்படி மூடி மறைப்பதில்லை. இஹ்ராம் அணிந்திருப்பவர்கள் வேட்டைப் பிராணியைக் கொல்லக் கூடாது என்று தடுக்கும் வசனத்தில் (5:95) 'கத்ல்', அதாவது கொலை, என்ற சொல்லே வருகிறது. அறுப்பது என்ற சொல் அங்கே இல்லை. இதைச் சட்ட அறிஞர்கள் கவனித்தார்கள். இஹ்ராமில் இருப்பவர் முறைப்படி அறுத்தாலும் அது செத்த பிராணியைப் போன்றதே என்று சொன்னவர்கள் இந்தச் சொல்லையும் ஆதாரமாகக் காட்டினார்கள்.

வேட்டை பற்றிய ஹதீஸ்களில் பலவற்றை அறிவிப்பவர் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள். கொடைக்குப் பேர்போன ஹாத்திம் தாயியின் மகன், தாமே வேட்டையாடுபவர். 'மிஃராள்' என்னும் தடித்த எறிகோலைப் பற்றி அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அதன் கூர் முனை துளைத்தால் உண்ணலாம், அதன் அகலப் பக்கம் பட்டுச் செத்தால் அது 'வகீத்', உண்ணாதீர் என்று பதில் வந்தது (புகாரி, முஸ்லிம்). ஒரே கோல், ஒரே கை, ஒரே மான். துளைத்ததா, மோதியதா என்பதில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன. அடிபட்டுச் செத்ததைக் குர்ஆன் 'மவ்கூதா' என்று பெயர் சொல்லித் தடுக்கிறது (5:3). வகீத், மவ்கூதா இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை.

நம் தமிழ்ப் பேச்சில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது. 'முயல் அடிச்சோம்', 'கொக்கு அடிச்சோம்' என்கிறோம். துப்பாக்கியால் சுட்டாலும் அடிச்சோம்தான், கம்பால் தாக்கினாலும் அடிச்சோம்தான், பையன்கள் உண்டிகோலில் கல் வைத்து விட்டாலும் அடிச்சோம்தான். உண்டிகோல் கல்லில் செத்து விழுந்த புறா மவ்கூதா; உயிரோடு கிடைத்து அறுத்தால் ஒழிய ஹலாலாகாது. (அதற்கு முன் இன்னொன்று: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது குற்றம். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லி வையுங்கள்.)

துப்பாக்கிக்கு வருவோம். இங்கே ஒரு சொல் பலரைத் தடுமாற வைக்கிறது. 'புந்துகா'வால் கொல்லப்பட்டது மவ்கூதா என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொன்னதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். இன்றைய அரபியில் 'புந்துகிய்யா' என்றால் துப்பாக்கி, உருதுவில் 'பந்தூக்'. அப்படியானால் சுட்ட மான் எல்லாம் ஹராம் என்று ஸஹாபியே சொல்லிவிட்டார்களா? இல்லை. அன்றைய புந்துகா என்பது வில்லில் வைத்து எறியும் களிமண் உருண்டை. புந்துக் என்னும் கொட்டையின் உருவத்தில் இருந்ததால் அந்தப் பெயர். துப்பாக்கி பல நூற்றாண்டுகள் கழித்து வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஈயக் குண்டு உடலைத் துளைப்பதால் அதன் வேட்டை ஹலால் என்று இமாம் ஷவ்கானி (ரஹ்) எழுதினார்கள். இன்றைய அறிஞர்கள் பலர் அந்தக் கருத்தில் இருக்கிறார்கள். நம் துணைக்கண்டத்து ஹனஃபி உலமாக்களில் கணிசமானோர், குண்டு அழுத்தத்தால் நொறுக்குகிறது என்று சொல்லி, உயிரோடு பிடித்து அறுத்தால்தான் ஆகும் என்கிறார்கள். கருத்து வேறுபாடு இருந்தாலும், எல்லோரும் கேட்பது அந்தப் பழைய கேள்வியைத்தான்: துளைத்ததா, மோதியதா?

அரபு வேட்டைக்காரர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஜோடி ஒன்று உண்டு: 'இஸ்மா', 'இன்மா'. அடித்த இடத்திலேயே கண் முன்னால் விழுந்தால் இஸ்மா. காயத்தோடு ஓடி, கண்ணுக்கு மறைந்து, எங்கோ போய்ச் செத்தால் இன்மா. முதலாவதை உண்ணலாம், இரண்டாவதை விட்டுவிட வேண்டும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக வந்திருக்கிறது. ஆனால் அதீ (ரலி) அவர்களின் அறிவிப்பில், மறைந்துபோன பிராணி பிறகு கிடைத்து, அதில் உம் அம்பின் அடையாளம் தவிர வேறொன்றும் இல்லாவிட்டால் உண்ணலாம் என்ற அனுமதி இருக்கிறது. எனவே இமாம்கள் பிரிந்தார்கள். ஓர் இரவு கழிந்துவிட்டால் இமாம் மாலிக் (ரஹ்) விரும்பவில்லை. தேடுவதை நிறுத்தாமல் பின்தொடர்ந்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி நிபந்தனை. ஷாஃபிஈ மத்ஹபில் இரு கருத்து உண்டு. ஆகும் என்பதே ஸஹீஹான ஹதீஸ்களுக்கு நெருக்கமானது என்று இமாம் நவவி (ரஹ்) சொல்கிறார்கள். அதே ஹதீஸில் ஒரு விதிவிலக்கும் உண்டு: பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது. கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது.

'அறுவடை' என்ற ஒரு சொல்லுக்குள் இவை அத்தனையும் புதைந்துபோகின்றன. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எப்படிச் செத்தது என்று கேட்கவே தோன்றாது. கதிருக்கு வலி இல்லையே! கொல்லும்போதும் அழகிய முறையில் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சிரமம் தராதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது (முஸ்லிம்), கொல்கிறோம் என்ற உணர்வோடு கொல்பவனுக்குத்தான். உயிருள்ள எதையும் குறி பார்த்து அடிக்கும் இலக்காக ஆக்காதீர்கள் என்ற தடையும் அப்படியே. கொம்பைச் சுவரில் மாட்டுவதற்கென்றே சுடுபவர்கள் எந்தப் பெயரில் சொன்னாலும் இந்தத் தடையைத் தாண்ட முடியாது.

சகோதரரிடம், வேதக்காரர்கள் வேட்டையாடியதைப் பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள், இமாம் மாலிக் (ரஹ்) மட்டும் வேட்டையில் மாறுபடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் ஷாஃபிஈ. பிஸ்மில்லாஹ் சொல்வது அவர் மத்ஹபில் சுன்னத்துதான், அதனால் அந்தப் பிரச்சினையும் இல்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டே கேள்விகள் கேட்கச் சொன்னேன்: குண்டு எங்கே பட்டது? மான் எங்கே கிடந்தது?

மறுநாள் அழைத்தார். அந்த மனிதர் சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னாராம். அந்தி நேரத்தில் சுட்டது வயிற்றில் பட்டிருக்கிறது. மான் புதருக்குள் ஓடிவிட்டது. டார்ச் லைட்டோடு நள்ளிரவு வரை தேடியிருக்கிறார். விடிந்த பிறகு ஓடைத் தண்ணீரில் தலை மூழ்கிக் கிடந்ததாம். இதயத்தில் பட்டு அங்கேயே உயிர் போய், பிறகு தண்ணீரில் சரிந்திருந்தால் பேச்சு வேறு. இது அப்படி இல்லை.

"இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அன்பாகக் கொடுத்தாரே" என்றார். காரணத்தை மறைக்காமல் சொல்லியே திருப்பிக் கொடுங்கள், அவர் வேட்டைக்காரர், அவருக்குப் புரியும் என்றேன்.