ஒரு தட்டு, இரண்டு எழுத்து

மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கமும் வாழ்கிறார்கள். ஓய்வூதியமா? சான்றிதழா? அட்சயா மையத்திற்குப் போகிறார்கள். இம்மையங்கள் 2002ஆம் ஆண்டு மலப்புரத்தில் தொடங்கின. பின்பு கேரளம் முழுவதும் பரவின. அங்கே நம் விவரங்களைக் கணினியில் அடிக்கிறார்கள்.

எழுத்துகள் உள்ள பலகைக்கு விசைப்பலகை என்று பெயர். கீபோர்டு என்றும் சொல்வார்கள். சில நேரம் ஒரு முறை தட்டினால் எழுத்து இரண்டு முறை விழும்.

இதனால் என்ன கெட்டுவிடும்?

500 என்பது 5000 ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் கூடினால் பணம் வந்து சேராது. தமிழிலும் தொல்லை உண்டு. தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையில் 'ட' என்பதை இரண்டு முறை தட்டினால் 'ட்ட' என்று விழும். 'படம்' என்பது 'பட்டம்' ஆகிவிடும். 'மணி' என்ற பெயர் 'மண்ணி' ஆகிவிடும். பெயர் மாறினால் மனு திரும்பி வரலாம்.

ஏன் இப்படி ஆகிறது?

விசையை விடாமல் அழுத்தினால் எழுத்து தொடர்ந்து விழும். இது கோளாறு அல்ல. கணினியில் அப்படி அமைத்திருக்கிறார்கள். விரல் மெதுவாக எழுந்தாலும் இப்படி ஆகும்.

தூசி இன்னொரு காரணம். தேநீர் சிந்தினால் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். விசை கீழே போனால் மேலே வராது. மலைப் பகுதியில் ஈரமும் அதிகம். ஈரத்தால் உள்ளே இருக்கும் மின் இணைப்பு கெடும். பழைய விசைகள் தேய்ந்தும் போகும்.

என்ன செய்யலாம்?

1. விசையின் மேல் காகிதமோ புத்தகமோ கிடக்கிறதா என்று பாருங்கள்.

2. விசையைத் தட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள்.

3. வேறு விசைப்பலகையை மாட்டிப் பாருங்கள். அது சரியாக வேலை செய்தால் பழைய பலகையில்தான் கோளாறு. அதிலும் எழுத்து இரட்டித்தால் கணினி அமைப்பைப் பார்க்க வேண்டும். எழுத்து தொடர்ந்து விழும் முன் கணினி சற்றுக் காத்திருக்கும். அந்த நேரத்தைக் கூட்டி வைக்கலாம். கை நடுங்குபவர்களுக்கும் இது உதவும்.

4. கணினியை நிறுத்துங்கள். பலகையின் வயரைக் கழற்றுங்கள். பலகையைக் கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள். சிறு தூரிகையால் தூசியைத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

5. வயர் இல்லாத பலகை என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லையா? புதிய பலகை வாங்குவதே நல்லது. மடிக்கணினி என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

மையத்திற்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மனுவை அனுப்பும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எண்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். படிக்கக் கற்றது இதற்கும்தான்.