முதலில் ஷிப்டைக் கேளுங்கள்

நெய்வேலிச் சுரங்கத்துக்கு இரவு விடுமுறை கிடையாது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கி உடைந்துவிடும். அனல்மின் நிலையக் கொதிகலனையும் நினைத்த நேரத்தில் அணைத்து மூட்ட முடியாது. 1962இல் இங்கே மின் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, ஊர் உறங்கும் நேரத்திலும் ஒரு கூட்டம் டிபன் கேரியரோடு டியூட்டியில் இருக்கிறது.

அவர்களில் ஒருவர் தொப்பையைக் குறைக்க ஜிம்முக்குப் போனால் என்ன நடக்கும்? "ராத்திரி ரெண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டா எப்படி சார் குறையும்? நாக்கைக் கட்டுங்க" என்பார் பயிற்சியாளர். பழி நாக்கின்மேல் விழும். கணையத்தை யாரும் விசாரிப்பதில்லை.

நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு தலைமைக் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்து அது நேரம் வைத்துக்கொள்ளும். கல்லீரலுக்கும் கணையத்துக்கும் கொழுப்புத் திசுவுக்கும்கூடத் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. நைட் ஷிப்டில் இவை ஒன்றுக்கொன்று முரண்டுபிடிக்கின்றன.

அமெரிக்காவில் ஃபிராங்க் ஷீர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பேரை 28 மணி நேர 'நாள்' ஒன்றில் வாழவைத்தார்கள். உடலின் இரவு நேரத்தில் விழித்துச் சாப்பிட நேர்ந்தபோது, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. இன்சுலின் 22 சதவீதம் கூடுதலாகச் சுரந்தும், ரத்தச் சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. 'போதும்' என்ற குரல் தேய்கிறது, சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைகிறது. இதில் மன உறுதிக்கு என்ன வேலை?

2021இல் ஷீர் குழுவினரே அடுத்த அடி வைத்தார்கள். 19 பேருக்கு நைட் ஷிப்ட் போன்ற சூழல். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆய்வுக்கூடத்தில், சில நாட்களுக்கு, ஆரோக்கியமானவர்களிடம் கண்டது இது. கொதிகலன் பக்கத்தில் எட்டு மணி நேரம் வேலை பார்ப்பவரைப் பட்டினி கிடக்கச் சொல்ல இது போதாது. முக்கியச் சாப்பாட்டை டியூட்டிக்கு முன்பே முடித்துவிட்டு, நடுராத்திரிக்கு அளவாக ஏதாவது வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

திட்டாமல் ஆறுதல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் 2007இல் வெளியிட்டது, 84 கல்லூரி மாணவிகளிடம் நடத்தியது. முதலில் ஒரு டோனட் தின்னக் கொடுத்து, பிறகு மிட்டாய்களை ருசிபார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் கடும் கட்டுப்பாடு வைத்திருந்தவர்களில், 'எல்லாரும் சாப்பிடுவதுதான், உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம்' என்று சொல்லப்பட்டவர்கள் மிட்டாயைக் குறைவாகவே தின்றார்கள். அந்த ஆறுதல் சொல்லப்படாதவர்களுக்கு, நனைந்தபின் முக்காடு எதற்கு என்ற கதைதான். சிறிய சோதனைதான், ஆனாலும் டயட்டில் இருந்து ஒரு ஜாங்கிரியில் தவறி, அன்று முழுக்கத் தின்று தீர்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வருபவரை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றும் முன், இந்த வாரம் எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றச் சொல்லாதீர்கள்.